ஒரு சைஸ் பெரிது

மும்பையில், செம்பூர் ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், முத்துசெல்வத்தின் கடையில் ஹெல்மெட் வாங்குவது லேசான காரியமில்லை. வாங்க வந்தவர் பிடித்த நிறத்தைச் சொல்லலாம். அளவை மட்டும் சொல்ல முடியாது. அளவை அவர்தான் சொல்வார். தலையில் மாட்டிவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுவார். பிடரியில் கையைக் கொடுத்து மேலே தள்ளிப் பார்ப்பார். கொஞ்சம் எழும்பினாலும் கழற்றி வைத்துவிட்டு அடுத்த சின்ன அளவை எடுப்பார்.

"மூச்சு முட்டுதே அண்ணாச்சி" என்று யாராவது முனகினால் பதில் தயாராக இருக்கும்.

"கன்னம் ரெண்டும் அமுங்கணும். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு லட்டை அடக்கின மாதிரி இருக்கணும். லூசா வேணும்னா எதுத்தாப்ல தொப்பி விக்கான், அங்க போய் வாங்கிக்கிடுங்க."

இருபத்திரண்டு வருஷமாக இதே பேச்சுதான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி ஆறுமுகத்தாய், அவர் லட்டுக்கு வரும்போது உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்ட மனிதர், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அதே கடையில் நின்றுகொண்டு, ஒரு பெண்ணிடம், "ஒரு சைஸ் பெரிசா இருந்தா நல்லதுதான்" என்று சொன்னார்.

அந்தப் பெண் சஃப்ரீன். தாராவியில் அவளுடைய வாப்பாவுக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. அவளுக்கு அந்தேரியில் ஆபீஸ் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஸ்கூட்டருக்கு ஹெல்மெட் வாங்க வந்து, இறுக்குகிறது என்று சண்டை போட்டு, தோற்று, வாங்கிக்கொண்டு போனாள். இரண்டே மாதத்தில் சயான் பாலத்தடியில் ஒரு லாரி உரசியதில் விழுந்தாள். ஹெல்மெட் பிளந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளந்த ஹெல்மெட்டை ஒரு கையிலும் அல்வாப் பொட்டலத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தவள், அன்றிலிருந்து அந்தப் பக்கம் போனாலே எட்டிப் பார்க்காமல் போவதில்லை.

இப்போது அவளுக்கு விமானத்திலிருந்து குதிக்கிற பைத்தியம் பிடித்திருந்தது. குஜராத் பக்கம் ஒரு மைதானத்தில் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, தனியாகக் குதிக்க அனுமதியும் வாங்கியிருந்தாள்.

"ஏட்டி, பிளைட்டு கீழ எறங்குத வரைக்கும் ஒன்னால பொறுக்க முடியாதா?" என்று ஆறுமுகத்தாய் கேட்டாள்.

"அதுல உக்காந்திருந்தாதான் சாச்சி எனக்கு பயமா இருக்கு."

இதுவரை முகம் திறந்த கிளப் ஹெல்மெட்டையும் காற்றுக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டுதான் குதித்தாள். இந்தத் தடவை நான்கு பேர் ஆகாயத்தில் கை கோத்துக் குதிக்கிற கூட்டத்தில் அவளைச் சேர்த்திருந்தார்கள். அடுத்தவருடைய முழங்கால் முகத்தில் பட்டால் பல் போய்விடும். ஆகவே முகம் முழுக்க மூடிய ஹெல்மெட் இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். பைக் ஹெல்மெட் உதவாதா என்று முத்துசெல்வம் கேட்டார். அது கனம், குதிப்பவருக்குத் தன் நெஞ்சுப் பக்கம் குனிந்து பார்க்க முடியாது, அதிலுள்ள துருத்தல்களில் பாராசூட் கயிறு மாட்டிக்கொள்ளும் என்று அவள் விளக்கினாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "லூசா இருந்தா காத்து அடியில பூந்து தூக்கிரும் அண்ணாச்சி. கண்ணை மறைச்சிட்டா கையில கட்டின மீட்டர் தெரியாது. எவ்வளவு உயரத்துல இருக்கோம்னே தெரியாது."

அவருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. "பாத்தியா, ஆகாசத்துலயும் நம்ம கணக்குதான்" என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். தனக்குத் தெரிந்த மொத்த வியாபாரியிடம் சொல்லி, ஒரே மாடலில் மீடியம் ஒன்று, லார்ஜ் ஒன்று வரவழைத்தார். போட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மற்றது பழுதில்லாமல் இருந்தால் திருப்பி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலை, கடையில் புதிதாக வந்த சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி காட்டித்தான் அவர் விற்பனைக்கு எடுப்பார். முந்தின நாளே ஆறுமுகத்தாய், "இது வேற மாதிரி சாமானா இருக்கு, தண்ணி கிண்ணி படாம வையுங்க" என்று சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளை ஆகாயத்திலிருந்து குதிக்கப் போகிறது, இதற்கு வைக்காமல் வேறெதற்கு வைப்பது என்று அவர் நினைத்தார். லார்ஜுக்கு வைத்தது நன்றாக நின்றது. மீடியத்துக்கு வைக்கும்போது சந்தனம் நீர்த்துவிட்டிருந்தது. பொட்டிலிருந்து ஒரு துளி வழிந்து, திறந்திருந்த முகக்கண்ணாடியின் உள்பக்கம் இறங்கியது. பதறிப்போய், கடைக் கண்ணாடி துடைக்கிற சோப்புத் துணியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார்.

சந்தனம் போயிற்று. கூடவே மூச்சாவி படியாமலிருக்க உள்ளே பூசியிருந்த பூச்சும் போயிற்று. வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கு நேராக மெல்லிய வெண்படலம் தெரிந்தது. வாயை வைத்து ஊதிப் பார்த்தார். லார்ஜ் கண்ணாடி பளிச்சென்றே இருந்தது. மீடியம் கண்ணாடி, வெந்நீர் விட்ட குளியலறைக் கண்ணாடி மாதிரி மூடிக்கொண்டது.

சரியாக அந்த நேரத்தில் சஃப்ரீன் படியேறினாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் சாமி கும்பிட்டதில் சாமான் பாழாயிற்று என்று எப்படிச் சொல்வது? ஆறுமுகத்தாய் கல்லாவில்தான் இருந்தாள். 

அவள் மீடியத்தை மாட்டினாள். கண்ணாடியை இறக்க விடாமல் அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. "அண்ணாச்சி, லட்டு!" என்று கன்னம் அமுங்கச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சட்டென்று கழற்றி வாங்கி லார்ஜைக் கொடுத்தார்.

"இது ஆடுதே?"

"ஒரு சைஸ் பெரிசா இருந்தா நல்லதுதான்" என்றார் முத்துசெல்வம். "மேல குளிரும்லா. உள்ள ஒரு துணி கட்டிக்கிடலாம்."

கல்லாவில், கூடச் சொல்லத் தயாராக இருந்த உதடு அப்படியே நின்றது.

"ஸ்கூட்டருக்கு வேற மாதிரி சொன்னீங்களே?"

"அது ரோடு. இது ஆகாசம்."

சஃப்ரீன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். சம்மதமாகத் தலையசைத்தாள். "நீங்க சொன்னா சரி அண்ணாச்சி. உங்க பேச்சக் கேட்டதாலதான் இந்தத் தலையே இருக்கு."

அவர் லார்ஜின் மேலிருந்த சந்தனத்தைத் துடைக்கத் துணியை எடுத்தார். அவள் தடுத்தாள்.

"இருக்கட்டும். எனக்காகக் கும்பிட்டு வச்சதுதானே? கீழ வந்தப்புறம் நானே தொடச்சுக்கிறேன். ராத்திரி வண்டிக்குக் கெளம்பறேன், துவா பண்ணுங்க."

அவள் போன பிறகு ஆறுமுகத்தாய், "அதென்ன, ரோடு வேற ஆகாசம் வேறன்னுட்டு?" என்றாள். அவர் மீடியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். திருப்பி அனுப்பினால் யார் ஊதிப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது காது மடல் சுட்டது.

மதியம் ஒரு டெலிவரிப் பையன் ஹெல்மெட் கேட்டு வந்தான். ஆட்டிப் பார்த்து, தள்ளிப் பார்த்து, சரியான அளவைக் கொடுத்தார். ஆனால் லட்டுப் பேச்சு வாயில் வரவில்லை. 

வெள்ளிக்கிழமை மாலையில் முருகன் கோயிலுக்குப் போவது வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்தார். பிள்ளை நல்லபடியா கீழ வரணும் முருகா என்று வேண்டிக்கொள்ளத்தான் வந்தார். ஆடுகிற ஹெல்மெட்டைத் தன் கையாலேயே மாட்டி அனுப்பிவிட்டு, அதை நேராக வைத்துக்கொள் என்று சாமியிடம் சொல்வதா? கேட்க அவருக்கே கூசியது. காலை எடுத்தார். கடைக்குத் திரும்பிப் பெட்டியை எடுத்து, மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

ஆறுமுகத்தாய் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பைக் சாவியை எடுத்து நீட்டினாள். "ஏழு மணிக்கு சயான்ல டிராபிக்கு. இப்பவே கெளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

சஃப்ரீன் வீடு பட்டறைக்கு மேலே. இரும்புப் படியில் பெட்டியோடு ஏறினார். கதவு திறந்தே கிடந்தது. அவள் உம்மா ஷமீமா தரையில் உட்கார்ந்து, மடியில் அந்த லார்ஜ் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உள்ளே ஸ்பாஞ்சுத் துண்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி! இப்பதான் உங்களப் பேசிக்கிட்டு இருந்தோம். இவ இது ஆடுது ஆடுதுன்னா. அண்ணாச்சி காரணமில்லாம சொல்லமாட்டாங்க, நான் அணை வச்சுத் தாரேன்னேன்." ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள். "பட்டறையில நல்ல ஸ்பாஞ்சு இருந்திச்சு."

"தைக்காதீங்க" என்றார்.

முதுகுப் பையைக் கட்டிக்கொண்டிருந்த சஃப்ரீன் நிமிர்ந்தாள். அவர் பெட்டியைத் திறந்து மீடியத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இதுதாம்மா ஒன் அளவு. உள்கண்ணாடிய நான் கெடுத்துட்டேன். சந்தனம் வழிஞ்சிட்டு, சோப்பு போட்டுத் தொடச்சேன். ஊதிப் பாரு."

அவள் ஊதினாள். கண்ணாடி மூடிக்கொண்டது. அது தெளிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"நான் போட்டுப் பாக்கும்போது?"

"தெரியும்மா."

கீழே பட்டறையில் தையல் மிஷின் ஓடி நின்றது. சஃப்ரீன் ஹெல்மெட்டைக் கட்டிலில் வைத்தாள்.

"சந்தனம் பட்டதுக்கு யாரு கோவிச்சுக்கப் போறா? நாலு பேரு ஜம்ப்புக்கு நாலு மாசமா காத்திருந்தேன். இது இல்லாட்டி இந்தத் தடவை என்னைச் சேக்க மாட்டாங்க. அதுகூடப் பரவால்ல. ஆனா ஆடுறதத் தூக்கிக் குடுத்தீங்க பாருங்க..." அவள் லார்ஜைக் காட்டினாள். "உங்க வாயிலேர்ந்து வந்ததுன்னு, ஆடுதுன்னு தெரிஞ்சும் நான் இன்னொரு தடவ தலைய ஆட்டிப் பாக்கலை அண்ணாச்சி."

 மன்னிச்சிரு என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவள் மன்னித்தாக வேண்டியிருக்குமே என்று அதை விழுங்கினார். ஐம்பது வயது மனிதர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஷமீமா தைத்த நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, லார்ஜைப் பழைய மாதிரி துடைத்து, மீடியத்தோடு சேர்த்து அவரிடம் நீட்டினாள். சந்தனப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி. வண்டி கெளம்புறதுக்கு முந்தி வந்துட்டீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் மறுத்தார். அவள் கேட்கவில்லை. சூடான டீயை அவர் கையில் திணித்தாள். அவர் குடிக்கும்வரை சஃப்ரீன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் எழுந்து படியில் இறங்கியபோது பின்னாலேயே வந்தாள்.

"உங்க பைக் ஹெல்மெட்ட விட்டுட்டுப் போறீங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொள்ளும் வரை நின்றாள். தாடைப் பட்டையைப் போடாமல் வண்டியைக் கிளப்பப் பார்த்தவரிடம், "பட்டை" என்றாள். அவர் போட்டுக்கொண்டார். அவள் மேலே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பொழுது நகரவில்லை. கிளப் ஹெல்மெட்டோடு தனியாகக் குதிப்பாள், ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்தும் போனைக் கீழே வைக்கவில்லை. மூன்று மணிக்கு வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கீழ வந்துட்டேன். மத்த மூணு பேரும் வேற ஒரு ஆளோட இப்ப மேல போறாங்க. நீங்க டென்ஷன்ல இருப்பீங்கன்னு உம்மா சொன்னாங்க. அதுக்குத்தான், வேற ஒண்ணுமில்ல."

ஆறுமுகத்தாய் மறுபடி போடச் சொன்னாள். அவர் போனை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மற்ற மூன்று பேரும் வேறு ஆளோடு மேலே போகிறார்கள் என்பதை இன்னொரு தடவை கேட்க அவரால் முடியவில்லை.

மொத்த வியாபாரியிடமும் நடந்ததைச் சொன்னார். லார்ஜை மட்டும் திருப்பி அனுப்பினார். மீடியத்துக்குத் தன் செலவில் புதுக் கண்ணாடி வரவழைத்தார். அது வந்து சேர மாசி பிறந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, சஃப்ரீன் வந்த பிறகு அவள் கண்முன்னேதான் மாற்றினார். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படவில்லை.

அவள் ஊதிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. தலையில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சரியா இருக்கா அண்ணாச்சி?"

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். பிடரியில் கை கொடுத்துத் தள்ளினார். எழும்பவில்லை. மறுபடியும் தள்ளினார். மூன்றாவது தடவையும் தள்ளினார். அவள் அசையாமல், குழந்தை தலைசீவ நிற்பதுபோல நின்றாள்.

"இறுக்கமா இருக்கு" என்றார். "நீயும் ஒரு தடவ தலைய ஆட்டிப் பாத்துக்கிடும்மா."

அவள் ஆட்டிப் பார்த்தாள். பிறகு கல்லாப் பக்கம் திரும்பினாள். ஆறுமுகத்தாயின் உதடு லட்டுப் பேச்சுக்கு அசைவதற்காகக் காத்திருப்பவளைப் போல, அமுங்கிய கன்னத்தோடு அங்கேயே நின்றாள்.