பதினான்கு நாள் படி

ராயபுரத்தில் வேதமாணிக்கத்தின் அரிசி மண்டியில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். கல்லாவை ஒட்டிய நாற்காலியில் வேதமாணிக்கம். ஜன்னலோரப் பெஞ்சில் கப்பல் கம்பெனி குமாஸ்தா ராமசுப்பு. வாசல் பக்கம் மூட்டைமேல் காசிமேட்டுக் கட்டுமரக்காரர் குமாரவேல். யுத்தகாலம், 1943. மூவரும் ஏ.ஆர்.பி. என்ற விமானத்தாக்குதல் தற்காப்புப் படையில் சம்பளமில்லாத தொண்டர் அதிகாரிகள். இருட்டியபின் எந்தக் கடை வெளிச்சமும் வெளியே தெரியாமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு.

துறைமுகத் தீயணைப்பு நிலையத்தில் பதினான்கு நாள் பயிற்சிக்குப் போகாதவர் பதவி இழப்பார் என்று உத்தரவு வந்திருந்தது. அந்த நாட்களுக்குப் படிப்பணம் வேண்டுமா என்றும் மேலிடம் கேட்டிருந்தது. ராமசுப்பு பதிலை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்துவிட்டான். 'தொண்டுக்குப் படி வேண்டியதில்லை.' மூன்று கையெழுத்துக்குக் கோடுகூடப் போட்டிருந்தான்.

"நல்லா எழுதியிருக்கீரு வே," என்றார் வேதமாணிக்கம். "துட்டு வாங்கிட்டா அப்புறம் அது என்ன தொண்டு?"

குமாரவேல் பேனாவைத் தொடவில்லை. "ரைட்டரே, பதினாலு நாளும் உன் கம்பெனி சம்பளத்த புடிச்சிக்குமா?"

"இல்ல. சம்பளத்தோட லீவு."

"மொதலாளிக்குத் தம்பி கீறாரு, மண்டி நடந்துகினே இருக்கும். நான் கட்டுமரம் ஏறலன்னா மீனுல பங்கு இல்ல. வூட்ல அஞ்சு வாயி."

ராமசுப்புவுக்குக் காது சுட்டது. இரண்டு முறை நகல் எடுத்தும் இது அவனுக்குத் தோன்றவில்லை.

"அட, இவ்வளவுதானா?" வேதமாணிக்கம் சிரித்தார். "அரிசி நான் அனுப்புதேன். கையெழுத்தப் போடு."

"உன் அரிசிய துன்னுட்டு, 'மொதலாளி, லைட்ட அணை'ன்னு எந்த வாயால சொல்றது? போன வாரம் ரெண்டு தபா சொன்னப்புறம்தானே அணைச்ச?"

"ஒரு தடவதான்."

"மூணு, அண்ணாச்சி," என்றான் ராமசுப்பு. ரோந்துக் குறிப்பேட்டில் எழுதியவன் அவன்தான்.



ராமசுப்பு பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தான். 'தாம் கண்டிக்க வேண்டியவரிடமே உதவி பெறும் நிலை ஓர் அதிகாரிக்கு வரலாகாது. ஆகவே மூவருக்கும் படி அளிக்க வேண்டுகிறோம்.'

"எனக்கெதுக்கு வே படி?"

"ஒருத்தர் பேரை மட்டும் எழுதினா, அவர் கைநீட்டின மாதிரி ஆகும்."

வேதமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒருமுறை படித்துவிட்டு, முதல் கோட்டில் கையெழுத்திட்டார்.

"படி இல்லன்னு சொல்லிட்டா?" என்றார் குமாரவேல்.

"அப்போ உங்க இடத்துக்கு வேற ஆளைப் போடுவாங்க."

"அந்தாளு எங்க குப்பத்துக்காரனா இருக்க மாட்டான். பதினாலு நாள் கடலுக்குப் போவாம இருக்க அங்க எவனால முடியும்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ராமசுப்பு தானும் கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, அரக்கு வைத்து, மூன்று மணித் தபாலுக்கு நடந்தான்.