ஒரே பேர், பதினோரு உருவம்

மரியதாஸ் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். மயிலாப்பூர் வீட்டின் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு தாளை விரித்து, மகன் ஜேக்கப்பின் முன்னால் தள்ளினார். பிறந்த பேரனுக்காக அவர் எழுதி வைத்திருந்த பேர். ஒரே பேர்தான், பதினோரு உருவத்தில். எபிரேயத்தில் யாக்கோவ், கிரேக்கத்தில் யாக்கோபோஸ், லத்தீனில் யாக்கோபுஸ், போர்த்துகீசியரிடம் தியாகோ, இத்தாலியில் ஜியாகோமோ, பிரெஞ்சில் ஜாக், இங்கிலீஷில் ஜேக்கப், ஜேம்ஸ், நம்மிடம் யாகப்பன், சந்தியாகு என்று தாள் முழுக்க.

"உன்ன யாருப்பா கட்டாயப்படுத்துறா? பதினொண்ணு இருக்கு. எத வேணா எடுத்துக்கோ" என்றார்.

எப்பேர்ப்பட்ட சுதந்திரம் பாருங்கள்!

அந்த வீட்டு வழக்கம் அப்படி. ஐந்து தலைமுறையாகத் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் இந்தப் பேரில் ஏதாவது ஒன்றைச் சுமந்தே ஆகவேண்டும். மரியதாஸ் இரண்டாவது பிள்ளை, அவருக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் சந்தியாகு ஃபாதராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய்விட்டதால் பேர் இவர் பக்கம் வந்தது. வந்ததை மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பைபிளில் வரும் முதல் யாக்கோவ் தன் அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தவன், அதனால்தான் அந்தப் பேர் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார். ஜேக்கப்புக்கோ, பிறந்ததிலிருந்து தன் குதிகாலைத்தான் யாரோ பிடித்திருப்பதாகத் தோன்றும்.

"சரி டாடி" என்றான்.

இதே வாய்தான் மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் மனைவி ஜொவிட்டாவிடமும் சரி என்றது. அவளுக்கு ஒரே தம்பி, டெரிக். போன வருஷம் பெருங்குடிப் பக்கம் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கியதும் அவள் கேட்டது அந்தப் பேர் ஒன்றைத்தான். வேறு எதையும் கேட்கிறவள் இல்லை.

ஞானஸ்நானத்துக்காகப் பங்குக் கோயில் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் பேர் எழுதும் இடத்தை ஜேக்கப் காலியாக விட்டான். அன்றைக்கே சொல்கிறேன் ஃபாதர் என்று நழுவினான். தேனாம்பேட்டை சிக்னலில் தினமும் நிற்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம், அப்பாவிடம் முடியாது என்று நேராகச் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் பேசிப் பார்ப்பான். வீட்டுக்கு வந்தால் அப்பா கேக் ஆர்டரைப் பற்றிப் பேசுவார். இவன் தலையாட்டுவான். இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

கோயிலில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் ஜொவிட்டா வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையோடு நின்றாள். மரியதாஸ் மெழுகுவர்த்தியோடு எதிரில் நின்றார். ஃபாதர் கேட்டார்.

"குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?"

ஜொவிட்டா அவனைப் பார்த்துச் சிரித்தாள், நம்பிக்கையாக. அப்பா தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். தாளில் இருந்த பதினொன்றில் பத்து மறந்துபோனது. டெரிக் என்பதைத் தொண்டைவரை கொண்டுவந்தான், அதற்குமேல் ஏறவில்லை.

"ஜேக்கப்" என்றான்.

மரியதாஸ் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜொவிட்டா அழவில்லை. ஒரு நிமிஷம் புருஷனைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவன் கையில் வைத்தாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"என் தம்பி பேரு போனாப் போவட்டும். ஒரு தபா உங்கப்பாகிட்ட முடியாதுன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன். புடிங்க. இவனயும் உங்கள மாதிரியே வளத்துக்கோங்க."

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.

ஃபாதர் புரியாமல் ஜேக்கப்பைப் பார்த்தார். மரியதாஸ், பால் கொடுக்கிற அலுப்பு ஃபாதர், நீங்க நடத்துங்க என்றார். ஜேக்கப் குனிந்து பிள்ளையின் தலையைத் தொட்டிக்கு மேலே பிடித்தான். ஃபாதர் அந்தப் பேரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீறிட்டது. அவள் பின்னால் ஓடவேண்டும்போல் இருந்தது அவனுக்கு. அப்பா பக்கத்திலேயே நின்றார். சடங்கில் இன்னும் எண்ணெய் பூச வேண்டியிருந்தது.