சிவப்புப் பேனாவின் சத்தம்

கணக்கு டீச்சர் காலையில் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸின் மூடி கையில் நிற்காமல் நழுவியது.

"இன்னைக்குப் பரீட்சை உனக்கா, பிள்ளைங்களுக்கா?" என்றார் கணவர்.

"கிண்டல் பண்ணாதீங்க. நான் பாடம் எடுக்கறத ரெண்டு பேர் உக்காந்து பாக்கப் போறாங்க."

"பாத்துட்டுப் போகட்டுமே. கடிச்சுத் தின்னுடவா போறாங்க?"

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். போன வருடம் பத்தாம் வகுப்பில் கணக்குத் தேர்ச்சி சரிந்திருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே விடைத்தாளில் பாதியை வெற்றாக விட்டிருந்தார்கள். "இனிமே பத்தாம் வகுப்ப யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிக்கணும்" என்று தலைமையாசிரியை பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னது இவளுக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. அந்த வகுப்பும் கைவிட்டுப் போனால் பள்ளிக்கூடத்தில் இவளுக்கு என்ன மிச்சம்?

இந்த நேரம் பார்த்துத்தானா ஆசிரியர் குழு! மேலிடத்துப் பயிற்சி இல்லை. டீ குடிக்கிற நேரத்தில் இயற்பியல் சார் கிளப்பிவிட்டது. அவரும் வரலாற்று டீச்சரும் இவளுமாக மூன்று பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட வேண்டும். ஒருவர் நடத்த, மற்ற இருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு பேச வேண்டும். ஒரே விதி: நடத்துகிறவரைப் பார்க்கக் கூடாது, ஆளுக்கு ஒரு பிள்ளையை மட்டும் பார்க்க வேண்டும். சீட்டுப் போட்டதில் முதலில் விழுந்தது இவள்தான்.

விதியை அவள் நம்பவில்லை. கண் இருக்கிறவர்கள் பார்க்காமலா இருப்பார்கள்? அதுவும் இயற்பியல் சார் கணக்கும் படித்தவர். பத்தாம் வகுப்பை அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்துவிடலாம்.

பாடம் இருபடிச் சமன்பாடு. கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். கட்டைவிரல் வழக்கம்போல் சிவப்புப் பேனாவின் தலையை அமுக்கியது. டிக், டிக். கடைசி வரிசையில் வரலாற்று டீச்சர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். என்னைப் பற்றித்தான். டிக், டிக், டிக்.

வகுப்பு முடிந்ததும் மூவரும் ஆய்வகத்து முக்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"மூஞ்சி ஏம்ப்பா இப்படி வெளிறிப் போச்சு? உன்னப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதல" என்றாள் வரலாற்று டீச்சர்.

"அப்ப எத அப்படி எழுதித் தள்ளுன?"

"எனக்கு முன்னால உக்காந்திருந்த ஜன்னலோரத்து ரெட்டைச் சடையப் பத்தி. எனக்குக் கணக்கு சூனியம். ஆனா நீ கடைசியா போர்டுல போட்ட விடை அவ நோட்டுல பென்சில்ல முன்னாடியே இருந்துச்சு. நீ அந்தப் பக்கம் திரும்புனதும் அழிச்சுட்டா."

"தப்போன்னு சந்தேகம் வந்திருக்கும்."

"நான் பாத்த நெட்டையனும் அதையேதான் செஞ்சான்" என்றார் இயற்பியல் சார், மெதுவாக. "சரியான விடைய அழிச்சான். நீங்க தள்ளிப் போனதும் திரும்ப எழுதினான். பேனா சத்தம் கிட்ட வந்ததும் மறுபடியும் அழிச்சுட்டான், டீச்சர்."

"எந்தப் பேனா?"

அவர் அவள் கையைப் பார்த்தார். கட்டைவிரல் அப்போதும் அமுக்கிக்கொண்டிருந்தது.

அவள் வகுப்பில் தப்பான விடை என்றால் பக்கம் முழுக்கக் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. பிறகு அந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். எழுதாத இடத்துக்கு, 'செய்' என்று ஓரத்தில் ஒரு சொல்லோடு சரி. வெற்றிடம் வலிக்காது என்பதை அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். போன வருடத்து வெற்றுத் தாள்கள் கண்முன் வந்து நின்றன.

"இத ஹெச்.எம். மேடம்கிட்ட சொல்லுவீங்களா?"

"இந்த ரூமத் தாண்டாது. ஆனா நாளைக்கும் அதே பிள்ளைங்கதானே?" என்றார் இயற்பியல் சார்.

இவர்கள் காட்டிக்கொடுப்பார்கள் என்ற பயம் எழுந்து போன இடத்தில், நாளைக்கும் அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டுமே என்ற அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. பேனாவை வரலாற்று டீச்சரிடம் நீட்டினாள். "திருப்பிக் கேட்டாலும் குடுக்காத."

"தூங்கும்போதும் இது கையில இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு நடந்தாள். நிலைமை இன்னும் மோசமானது. சத்தம் இல்லாததால் டீச்சர் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ரெட்டைச் சடைக்காரியின் நோட்டில் விடை சரியாக இருந்தது. ரப்பர் அதன்மேல் இறங்கியது.

"அழிக்காத!"

சொன்னது அதட்டலாகவே வந்து விழுந்தது. பெண் விறைத்துப்போனாள். பள்ளிக்கூடமே ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்ப்பதுபோல் டீச்சருக்குத் தோன்றியது. நகர்ந்துவிடத்தான் கால்கள் துடித்தன. ஆனால் பெஞ்சின் ஓரத்தில், முழங்கால் இடிக்க, அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு? எனக்குச் சொல்லேன்."

பெண் முதலில் டீச்சரின் கைகளைப் பார்த்தாள். வலது கை. பிறகு இடது கை. ரப்பரை அவள் விடவில்லை. மறுகையின் விரலை மட்டும் மெல்ல இரண்டாவது வரியின்மேல் வைத்தாள்.