பளபளத் திரை

எஃப்ராயின் இரண்டு மானிட்டர்களையும் அணைத்துவிட்டு, "இப்பப் பாருங்கக்கா, வித்தியாசம் தெரியும்" என்றான். லிமாவின் வில்சன் சாலையில் கணினி விற்பவர்களில் இவன் ஒருவன்தான் வாயைத் திறந்தால் கொஞ்சமாவது உண்மை பேசுவான் என்று நம்பி வந்திருந்தேன். ஒன்று மங்கல் திரை, சும்மாவே அழுது வடிந்தது. மற்றது பளபளத் திரை. அணைத்தால் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"பகல்ல எனக்குக் கணக்கு எழுதுற வேலை. சாயங்காலம் இவளுக்கு விளையாட்டு. ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுதான்" என்றேன்.

"அப்போ மங்கல்தான். நம்ம ஊர் ஆகஸ்ட் மாசத்துக் குளிர்கால வானம் மாதிரி மூட்டமா இருக்கும், கண்ணு கூசவே கூசாது. விளையாடுறப்பவும் லைட்டு எதிரடிக்காது."

"எனக்குப் பளபளதான் வேணும்" என்றாள் என் மகள் யாதிரா.

காரணம் எனக்குத் தெரியும். போன கோடையில் டெங்கு வந்து என் சின்னவன் ஓஸ்மார் போய்விட்டான். எட்டு வயது. அதன் பிறகு இவள் பழைய மானிட்டரை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கேட்டால், "தம்பி இதுல தெரியறான்மா" என்பாள். நான் எட்டிப் போய்த் திரையைப் போட்டுவிடுவேன். அந்த மானிட்டர் பழுதானபோது சனியன் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். மங்கல் திரை வந்தால் பெண் தெளிந்துவிடுவாள். அதற்காகத்தான் கடைக்கே வந்தேன்.

எஃப்ராயின் பளபளத் திரையைத் துணியால் துடைத்தான். திரையைப் பார்த்தபடியே, "டேய் குட்டி, மூக்கை ஒட்டாதடா. அம்மாவுக்கு மறைக்குதில்ல" என்றான். பிறகு திரும்பினான். நானும் யாதிராவும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம்.

"பையன் எங்கக்கா போனான்?"

யாதிரா என்னைப் பார்த்த பார்வையில் 'சொன்னேன்ல' என்பது இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் முகம், அவள் முகம், கடைக்காரனின் தோள். அவ்வளவுதான். பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பொறாமை. முன்னே பின்னே தெரியாதவன் கண்ணுக்குத் தெரிகிறான், பெற்றவளுக்குத் தெரியமாட்டானா?

"பளபளத் திரையே கொடு" என்றேன்.

லிமாவில் கொசுறு இல்லாமல் வியாபாரம் முடியாது. நாம் கேட்க மறந்தால் விற்பவனுக்கே குறையாக இருக்கும். எஃப்ராயின் சுருட்டி வைத்திருந்த ஒரு பிலிமை எடுத்துப் பையில் செருகினான். "கொசுறு. மேல ஒட்டினா மங்கலாயிடும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒட்டிடுங்கக்கா" என்றான்.

வீட்டில் அந்தப் பிலிமைப் பிரிக்கவே இல்லை. தினமும் கணக்கு முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். என் தோளுக்குப் பின்னால், கதவோரம், அலமாரி இடுக்கு என்று துழாவினேன். எங்கும் இல்லை. யாதிரா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"எங்கடி இருக்கான்? என்மேல மட்டும் அவனுக்கு என்ன கோவம்?"

"நீ ஏம்மா பின்னாடியே தேடுற?" என்றாள், சோறு ஆச்சா என்று கேட்கிற குரலில். "உன் மடியிலதானே உக்காந்திருக்கான். வந்ததுலேர்ந்து இறங்கவே இல்ல."

திரையில் என் மடி காலியாகத்தான் இருந்தது. ஆனால் தொடை இரண்டும் மரத்துப் போயிருந்தன. காலைக் கொஞ்சம் நீட்டினால் சரியாகிவிடும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.