வெள்ளிக்கிழமை ஓய்வெடுக்கும் நுளம்புகள்

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக மனித அறிவின் வரலாற்றில் நிகழ்ந்த பெருந்திருப்பம், வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் நிகழ்ந்தது. இது ஓய்வுபெற்ற பேராசிரியர் நாகேந்திரத்தின் கருத்து. அந்த நேரத்தில் மேசையில் ஒரு மடிகணினியும், பாதி சாப்பிட்ட இடியப்பமும், ஒரு பனாட்டுப் பொட்டலமும் இருந்தன. கட்டடத்தின் லிப்ட் வேலை செய்யவில்லை.

வீட்டு வாசலில் ‘எதிர்கால விஞ்ஞான ஆய்வு நிலையம்’ என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. நிலையத்தில் மூன்று பேர். பணிப்பாளர் நாகேந்திரம். ஆய்வு உதவியாளர் சாம்பவி. மூன்றாமவர் ஒரு செயற்கை நுண்ணறிவு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மாத வாடகைக்குக் கொடுப்பது. தரவைக் கொடுத்தால் கருதுகோள் சொல்லும், பரிசோதனை வகுக்கும், கட்டுரையையும் தானே எழுதிவிடும். பேராசிரியர் அதை ‘மற்றவர்’ என்றுதான் குறிப்பிடுவார். சாம்பவி ஏதாவது சொன்னால், “பொறும், மற்றவரையும் ஒருக்காக் கேப்பம்” என்பார். மற்றவர் ஏதாவது சொன்னால் சாம்பவியைக் கேட்பதில்லை.

பேராசிரியருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை இருந்தது. அவருடன் ஒரே வாங்கில் இருந்து படித்த தியாகராசா இப்போது கனடாவில். அங்கே ஆட்டின் குடலில் வாழும் ஒரு புழுவுக்குத் தியாகராசாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். “புழுவோ பூச்சியோ, பேர் நிண்டுட்டுது” என்று பேராசிரியர் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிந்த பிறகு அந்த வீட்டுச் சாப்பாடு அவருக்குச் சரியாக இறங்காது.

சாம்பவியின் தேவை வேறு. மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கேட்டிருந்தாள். திங்கட்கிழமை கணினி வழியாக நேர்முகம். அதற்கு முன், சனிக்கிழமை, அவள் பெயரை இரண்டாம் ஆசிரியராகப் போட்ட நிலையத்தின் முதல் கட்டுரை வெளியாக இருந்தது. அதை வைத்துத்தான் கேள்வி கேட்போம் என்று மெல்பேர்ண்காரர் எழுதியிருந்தார்கள். கட்டுரை பிழையென்றால் இடம் மட்டும் போகாது. அவள் பெயரை இணையத்தில் தேடுகிற எவருக்கும், அவள் கிழவியாகும் வரை, முதலில் அந்தப் பிழைதான் வரும்.

கட்டுரை நுளம்புகளைப் பற்றியது. சிறகின் ஓசையை வைத்து நுளம்பை எண்ணும் சிறிய பெட்டிகளை வீடுகளில் வைப்பது, எண்ணிக்கை தானாக மற்றவருக்குப் போய்ச் சேருவது, இவ்வளவுதான் ஏற்பாடு. வீடுகளை எந்தச் சார்பும் இல்லாமல் எழுமாற்றாகத் தெரிவு செய்யுங்கள் என்று மற்றவர் சொல்லியிருந்தார். பேராசிரியர் தம் கைத்தொலைபேசியில் இருந்த இலக்கங்களிலிருந்து எழுமாற்றாகத் தெரிவு செய்தார். ஆகவே பெட்டிகள் வெள்ளவத்தையில் அவருடைய மச்சான், சகலன், சாம்பவியின் அம்மா ஆகியோர் வீடுகளுக்கும், கிருலப்பனையில் ஒரு மருமகள் வீட்டுக்கும், கொம்பனித்தெருவில் இரண்டு பழைய மாணவர் வீடுகளுக்கும், கொட்டாஞ்சேனையில் ஒரு காலத்து ஆய்வுகூடத் தோழர் மெல்ரோயின் வீட்டுக்கும் போயின. இன்னொன்று பேராசிரியரின் சொந்த விறாந்தையில் இருந்தது.

நுளம்புச் சுருள், தெளிக்கிற மருந்து, அல்லது நுளம்பை விரட்ட வேறு ஏதாவது பாவிக்கிறீர்களா என்று மற்றவர் ஒவ்வொரு வீட்டையும் கேட்டார். ஆய்வு முடியும்வரை பாவிக்க வேண்டாம் என்று முன்பே கேட்டிருந்தபடியால் எல்லா வீடுகளும் இல்லை என்றன. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

சில மாதங்களில் மற்றவர் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். வாரத்தில் ஒரு மாலை நுளம்புகள் ஓய்வெடுக்கின்றன. கொம்பனித்தெருவில் இந்த ஓய்வு வியாழன் மாலை தொடங்குகிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே நகர்ந்து, வெள்ளி மாலை வெள்ளவத்தையை வந்தடைகிறது. உலகில் வேறெங்கும் பதிவாகாத, ஏழு நாளுக்கொரு முறை நகரும் அலை. அதன் வேகத்தைப் பேராசிரியர் கணக்கிட்டுப் பார்த்தார். பின்னேரம் காலி வீதியில் பஸ் போகிற வேகத்தைவிடச் சற்றே குறைவாக வந்தது. கொட்டாஞ்சேனையில் மட்டும் அலை இல்லை. துறைமுக இரைச்சலால் அந்தப் பெட்டி பழுதான தரவு தருகிறது என்று தீர்மானித்து, மெல்ரோயின் வீட்டைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள்.

அலைக்கு ‘நாகேந்திரம் அலை’ என்று பெயர். “பேரை நான் வைக்கேல்ல. மற்றவர்தான் வைச்சவர்” என்று பேராசிரியர் எல்லாரிடமும் சொன்னார். அது உண்மை. மற்றவர் அந்தப் பெயருக்கு வந்து சேரும்வரை அவர் திரும்பத் திரும்பக் கேட்டதும் உண்மை.

சனிக்கிழமை காலி வீதியில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. பேராசிரியரின் உரைக்குத் தலைப்பு: ‘இனி விஞ்ஞானிகள் எதற்கு?’ வெயிலில் அலைந்து தரவு பொறுக்கும் காலம் மலையேறிவிட்டது, இனி இருந்த இடத்திலிருந்தே இயற்கையை வாசிக்கலாம் என்பது உரையின் சாரம். எதிர்கால விஞ்ஞானத்தில் மனிதருக்கு மிஞ்சியிருந்த வேலை பெட்டிகளுக்குப் பற்றரி மாற்றுவது. அதைச் சாம்பவி செய்தாள்.

அப்படித்தான் வியாழக்கிழமை பின்னேரம் அவள் கொம்பனித்தெருவுக்குப் போனாள். ஸமீமா அன்ட்டியின் வீட்டுப் பெட்டியில் பற்றரி இறங்கியிருந்தது. வழக்கமாக அவள் காலையில்தான் போவாள்; அன்று நிகழ்ச்சி வேலைகளால் பிந்திவிட்டது. பேராசிரியரின் பழைய மாணவியான ஸமீமா வங்கி அதிகாரி, அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. சாம்பவி கதிரையில் ஏறிப் பற்றரியை மாற்றிப் பெட்டியை மூடிக்கொண்டிருக்க, அறைக்குள்ளிருந்து புகை வந்தது. பின்னால் ஸமீமா, கையில் சாம்பிராணிச் சட்டியுடன்.

“அன்ட்டி, இது எப்பவும் போடுறனீங்களோ?”

“ஒவ்வொரு வியாழனும் தான் மகள். வெள்ளி ராவு தானே. ஏன், பெட்டிக்கு ஏதும் செய்யுமா?”

“நுளம்புக்கு ஒண்டும் பாவிக்கிறேல்லை எண்டு சொன்னனீங்கள்.”

“நுளம்புக்கு எங்க போடுற?” என்று ஸமீமா சிரித்தார். “இது மலக்குமாருக்கு.”

தேவதூதர்களுக்குப் போட்ட புகைக்குள் சாம்பவி கதிரையிலேயே நின்றாள். பெட்டியின் சிறிய திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. முஸ்லிம் வீடுகளின் கணக்கில் நாள் சூரியன் மறைவதோடு தொடங்குகிறது. ஆகவே வெள்ளிக்கிழமை கொம்பனித்தெருவுக்கு ஒரு மாலை முந்தியே வந்துவிடுகிறது. வெள்ளவத்தைக்கு அடுத்த மாலைதான் வருகிறது. கரையோரமாக நகர்ந்தது வேறொன்றுமில்லை.

வெள்ளவத்தையில் என்ன நடக்கிறது என்று அவள் யாரையும் கேட்கத் தேவையில்லை. பிறந்த நாள்முதல் அந்தப் புகைக்குள்தான் வளர்ந்தாள். ஒவ்வொரு நாளும் பார்க்கிற சுவர்க்கடிகாரத்தின் நிறத்தைப் போல, அது அவள் நினைவுக்கு வரவேயில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டாள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது நுளம்புப் பெட்டிப் பக்கமும் போவீர்களா என்று.

“அதுக்குச் சுத்திக் காட்டிப்போட்டுத்தான் மற்றதுகளுக்கே காட்டுறனான்” என்றார் அம்மா. “உன்ர படிப்பெல்லோ.”

வெள்ளி காலை சாம்பவி பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பனாட்டில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். பிறகு, மற்ற வீடுகளுக்கு அவள் சொல்வது பொருந்தக்கூடும் என்று பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார்.

“ஆனா என்ர வீட்டுக்கு என்ன சொல்லுறீர்? எல்லா வீட்டிலையும் பாக்க இங்கதான் வீழ்ச்சி துல்லியம். இங்க ஆர் சாம்பிராணி போடுறது?”

பேராசிரியர் பகுத்தறிவாளர், நாற்பது வருடமாக மேடைகளில் அதைச் சொல்லி வருபவர். வீட்டில் சுவாமித் தட்டு உண்டு, ஆனால் அது மனைவி சிவமணியின் இலாகா. சிவமணி ஆடி மாதம் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோ போனதிலிருந்து அந்த இலாகா இழுத்து மூடப்பட்டுவிட்டது என்று அவர் நண்பர்களிடம் சொல்லியிருந்தார். அலை கண்டுபிடிக்கப்பட்டது ஆடிக்குப் பிறகுதான்.

மற்றவரையும் கேட்டார்கள். சாம்பிராணி விளக்கம் எளிமையானது, மிகவும் பொருத்தமானது என்று மற்றவர் சொன்னார். ஆனால் புகையே இல்லாத ஒரு வீட்டிலும் அதே வீழ்ச்சி இருப்பதால், அலை என்ற முடிவைக் கைவிடக் காரணம் போதாது. புகை இல்லாத வீடு என்பது உறுதிதானா என்றும் கேட்டார். பேராசிரியர் ‘உறுதி’ என்று தட்டினார்.

“பாத்தீரோ? என்ர வீடுதான் கொன்ட்ரோல், ஒப்பிட்டுப் பாக்கிற வீடு” என்றார்.

மிஞ்சிய வழி ஒன்றுதான். அன்று மாலை ஏதாவது ஒரு வீட்டில் புகை போடாமல் விட்டுப் பார்க்க வேண்டும். சாம்பவி முதலில் தன் அம்மாவுக்குத் தொலைபேசி அடித்தாள். அம்மா அதை ஒரு பகிடியாகவே எடுத்தார். பகிடி இல்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது.

“திங்கக்கிழமை நேர்முகத்தை வைச்சுக்கொண்டு, கந்தசட்டி நேரத்தில, இந்த வெள்ளியைப் பார்த்தோ விடச் சொல்லுறாய்?”

மற்ற வீடுகளும் விஞ்ஞானத்துக்கு அவ்வளவு தூரம் இறங்கி வரத் தயாராக இல்லை.

மாலையில் சாம்பவி அச்சகத்துக்குப் போய்ப் பதாகையை எடுத்தாள். ஏழு மணிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். அச்சகத்தில் வேலை வேளைக்கே முடிந்திருந்தது. கட்டடத்துக்கு வந்தால், பல வாரங்களுக்குப் பிறகு லிப்ட் வேலை செய்தது. ஆறே காலுக்கெல்லாம் அவள் பித்தளைப் பலகைக்கு முன்னால் நின்றாள். கதவு, புகை வெளியே போவதற்காக, அகலத் திறந்திருந்தது.

பேராசிரியர் வேட்டியுடன், மேலுக்கு ஒன்றும் இல்லாமல், நெற்றியில் திருநீற்றுடன் விறாந்தையின் நடுவில் நின்றார். இடக்கையில் தூபக்கால். வலக்கையில் நாளைய வெளியீட்டின் அழைப்பிதழ். அதனால் தணலை விசிறிக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசி நுளம்புப் பெட்டியில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. அதில் ரொறன்ரோக் காலைத் தேத்தண்ணியுடன் சிவமணி.

“கதிரைக்குப் பின்னால காட்டேல்லை நீங்கள்” என்றது கைத்தொலைபேசி. “ஆர் வாசல்ல?”

பேராசிரியர் திரும்பினார்.

“நான் சாம்பவி அன்ட்டி.”

“வா பிள்ளை. நல்ல நேரத்தில வந்தாய். பார் உங்கட சேரை, ஆடியிலயிருந்து ஒரு வெள்ளி விடேல்லை. என்னைவிட வடிவாக் காட்டுறார்.”

பெட்டியின் திரையில் எண் பூச்சியத்துக்கு வந்து நின்றது. பேராசிரியர் அழைப்பை அணைத்தார். தூபக்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். இது சிவமணியின் மனத் திருப்திக்காக மட்டும், தமக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆகவே இதைச் சாம்பிராணி போடுவதாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று விளக்கினார்.

“நுளம்புக்கு அது தெரியாதே சேர்” என்றாள் சாம்பவி.

அவர் பதாகையைப் பார்த்தார். சுருளாக இருந்ததில் ‘நாகேந்திரம் அ’ வரைக்கும் தெரிந்தது.

“நாளைக்கு முந்நூறு பேர் வருகினம்.”

“என்ர பேரும் அதில கிடக்கு சேர். உங்களுக்குப் பென்சன் இருக்கு. எனக்கு இனித்தான் எல்லாம்.”

தணல் ஒரு தரம் வெடித்தது. பேராசிரியர் தூபக்காலைச் சுவாமித் தட்டில் வைத்துவிட்டு மடிகணினியைத் திறந்தார். அலையை எடுத்துவிடலாம் என்றார். ஆனால் எந்த வீட்டில் யார் போட்டது என்றெல்லாம் விவரமாக எழுத வேண்டிய அவசியம் இல்லைத்தானே என்று, திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“மற்றவர் கேப்பார் சேர்.”

மற்றவர் கேட்டார். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம், எவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறார்கள் என்பதில் வேறுபாடு இருக்கலாம் என்று காரணமும் சொன்னார். அதற்குப் பிறகு எந்த மனத்தாங்கலும் இல்லாமல், தணல் ஆறுவதற்குள், கட்டுரையை முதலிலிருந்து திருப்பி எழுதினார். புதிய தலைப்பு: ‘வீட்டுச் சாம்பிராணிப் புகையும் நுளம்பு நடமாட்டமும்: கொழும்பில் ஒரு சிறு ஆய்வு’. துறைமுக இரைச்சல் என்று தூக்கி எறிந்த மெல்ரோயின் வீட்டை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மெல்ரோய் வீட்டார் கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள். சாம்பிராணி கோயிலோடு சரி. புகை இல்லாத ஒரே வீடு, உண்மையான கொன்ட்ரோல், அதுதான்.

பதாகை ஏற்கெனவே அச்சாகிவிட்ட காரணத்தால் சனிக்கிழமை உரையின் தலைப்பு மாறவில்லை. ‘நாகேந்திரம் அலை’ என்ற வரிக்கு மேல் ஒரு பூமாலையைத் தொங்கவிட்டார்கள். இனி விஞ்ஞானிகள் எதற்கு என்ற கேள்விக்கு, வீட்டுக்கு வீடு நேரில் போய்ப் பார்ப்பதற்கு என்று பேராசிரியர் பதில் சொன்னார். அது தம் நெடுநாளைய கருத்து என்றும் சொன்னார். நல்ல கைதட்டல் கிடைத்தது.

திங்கட்கிழமை நேர்முகத்தில் மெல்பேர்ண்காரர் பெரும்பாலும் மெல்ரோயின் வீட்டைப் பற்றியே கேட்டார்கள். சாம்பவிக்கு இடம் கிடைத்துவிட்டது. மாசியில் போகிறாள்.

கட்டுரை இணையத்தில் இருக்கிறது, யாரும் வாசிக்கலாம். தியாகராசா வாசித்துவிட்டுக் கனடாவிலிருந்து அழைத்துப் பேசினார். முறையியல் பகுதியின் கடைசி வரிகளை மற்றவர் எழுதியிருக்கிறார். வெள்ளவத்தை, கிருலப்பனை, கொம்பனித்தெரு வீடுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் புகை காட்டியவர்கள் வீட்டுத் தலைவிகள். அந்த ஒன்றில், முதலாம் ஆசிரியர்.