அவளுடைய டின்னர் சூட்

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் அவளை 'பிரேக் மேடம்' என்றுதான் சொல்வார்கள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பதறினாலும் கண்ணை மூடிக்கொண்டாலும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கால் மட்டும் அழுந்தும், கார் நிற்கும். "அவசரமில்ல. மூச்சு விடுங்க. மறுபடியும் போலாம்" என்பாள்.

ஒரே ஒரு முறைதான் அந்தக் கால் தெருவில் ஒன்றுமே இல்லாதபோது அழுந்தியது.

அன்று ஓட்டியவள் புதிதாக அந்தப் பக்கம் குடிவந்தவள். கிளட்சை விடும்போதெல்லாம் கார் துள்ளித் துள்ளிப் போனதால் பிரேக் மேடம் மனசுக்குள் அவளுக்குக் கங்காரு என்று பேர் வைத்திருந்தாள். கங்காருவுக்குப் பேசிக்கொண்டே ஓட்டினால்தான் பயம் விடும். அன்று பேச்சு, அவள் கணவர் இருக்கும் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டு விருந்தைப் பற்றி.

"ஆம்பளைங்க எல்லாம் டின்னர் சூட், கழுத்துல போ டை. நாங்களும் இருக்கறதுலயே நல்லதா எடுத்து உடுத்திட்டுப் போவோம் மேடம்."

பிரேக் மேடத்தின் கணவரும் அதே சங்கத்தில்தான் இருந்தார். அதை அவள் சொல்லவில்லை. "அது ஆம்பளைங்களுக்கு மட்டும்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"யார் சொன்னா? ஜோடி ஜோடியாத்தான் உட்கார வைப்பாங்க. எங்க துணைத்தலைவர் ஒருத்தர்தான் பாவம், தனியா வருவார். அவர் பொண்டாட்டி படுத்த படுக்கை. கை கால் வராது, பேச்சும் கிடையாது. காலையில குளிப்பாட்டி, ஸ்பூன்ல ஊட்டி விட்டுட்டுத்தான் வேலைக்கே கிளம்புவாராம். வேற எவனாவது இருந்தா எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பான்."

"துணைத்தலைவரா?"

"ஆமா. அவ்வளவு பேர்ல அவர் சூட்தான் தனியாத் தெரியும். எல்லாரும் கறுப்புன்னு நினைப்போம், விளக்குக்குக் கிட்ட வந்தா கருநீலம். பொண்டாட்டி நல்லா இருந்தப்ப எடுத்துக் குடுத்த துணியாம். சொல்றப்பவே கண்ணு கலங்கிடும் மனுஷனுக்கு."

கார் நட்ட நடுத் தெருவில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"என்ன மேடம், நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு."

"நான் பாக்கவே இல்லையே."

"நானும் இத்தனை வருஷமாப் பாக்கல" என்றாள் பிரேக் மேடம். "வண்டிய எடுங்க."

அந்தக் கருநீலத் துணியை எடுத்தது அவள்தான். அவள் கணவர் கறுப்பு போதும் என்றார். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், கருநீலம்தான் கறுப்பை விடக் கறுப்பாகத் தெரியும் என்று சொல்லி, கடைக்காரரை விளக்கைப் போடச் சொல்லி, இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். காலருக்கு சாட்டின், கால்சட்டையின் இரு பக்கமும் அதே சாட்டினில் பட்டை. விருந்து நாளில் அதன் மேல் மெல்லிய துணி போட்டு இஸ்திரி போடுவது அவள். அவருக்குக் கட்ட வராத போ டையை, முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக் கட்டி விடுவதும் அவள். "பொண்டாட்டிங்கள எல்லாம் கூப்பிட மாட்டாங்க. சும்மா மீட்டிங் மாதிரிதான், கொட்டாவி வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் மிச்சமிருந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு அவர் வரும்வரை காத்திருப்பாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "டீ போடறியா?" என்றார் தலையை நிமிர்த்தாமல். அவள் டீ போட்டாள். போட்டுக்கொண்டே யோசித்தாள். கேட்டுவிடலாம். கேட்டால் அவரிடம் ஒரு பதில் இருக்கும். குரலைத் தாழ்த்தி, அவள் தோளில் கையை வைத்து, அவள் காதில் பூச்சுற்றி முடித்துவிடுவார். படுக்கையில் விழுந்து, வாய் கோணி, எச்சில் ஒழுகக் கிடக்கிற ஒருத்தியை இவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியிருக்கிறார். அந்த ஒருத்திக்கு மனைவி என்ற இவளுடைய இடத்தைக் கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள்.

"இந்த வருஷ விருந்து எப்பங்க?"

"அடுத்த மாசம். இந்தத் தடவை என்னைத் தலைவராக்கப் போறாங்க."

"அப்ப நானும் வரட்டா? ஓரமா உட்காந்து பாத்துட்டு வந்துடறேன்."

அவர் சிரித்தார். "அங்க பொம்பளைங்களே வர மாட்டாங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அப்படியே வந்தாலும் நீ வந்து என்ன பண்ணுவ? உன் கையப் பாரு. ஒண்ணு வெயில்ல கறுத்துக் கிடக்கு, இன்னொண்ணு வெளுப்பா இருக்கு. ரெண்டு பேர் கைய வாங்கி ஒட்டி வச்ச மாதிரி."

கார் ஜன்னலில் வைத்து வைத்துக் கறுத்த கை அது. அவள் அந்தக் கையாலேயே டீயை நீட்டினாள்.

மறுநாள் சூட்டைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு மாடியில் இருக்கும் தையல்கார அம்மாவிடம் போனாள். எனக்கு அளவாக வெட்டித் தைத்துக் கொடுங்கள் என்றாள். அந்த அம்மா கோட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கத்தரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா யோசிச்சுக்கம்மா. தோளப் பிரிச்சு உங்க அளவுக்கு வெட்டிட்டேன்னா மறுபடியும் ஆம்பளைக்குப் பெருசாக்க முடியாது."

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"வீட்டுக்காரர் தவறிட்டாரா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் இல்ல."

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். முதல் வெட்டு விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் மாடியிறங்கினாள். கத்தரி துணியைக் கடித்துக்கொண்டு போன சத்தம் அவளுக்கு நாள் முழுக்க இனித்தது.

கங்காரு தேர்வில் பாஸ் பண்ணிய அன்று, காரை மரத்தடியில் நிறுத்தச் சொல்லி விஷயத்தைச் சொன்னாள். கங்காருவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்காக நான் அழுதிருக்கேன் மேடம். வருஷா வருஷம் லேடீஸ் எல்லாம் சேர்ந்து பழக்கூடை குடுத்து விடுவோம், உங்களுக்குன்னு. சாறு பிழிஞ்சு குடுங்கன்னு சொல்லி."

"வீட்டுக்கு ஒரு ஆரஞ்சு தோல்கூட வந்ததில்ல."

கங்காருவின் முகம் சிவந்துவிட்டது. பிரேக் மேடத்தைப் பற்றிப் பொய் சொன்னதைவிடத் தன்னை அழவைத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருந்தது. "எங்க வீட்டுக்காரர் அந்த வாரம் வெளியூர். என் பக்கத்து நாற்காலி காலிதான். நீங்க என்கூட வர்றீங்க. நான்தான் ஓட்டுவேன்" என்றாள்.

விருந்து நாள் மாலை அவர் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "என் சூட் எங்க?" என்று கத்தினார்.

"சலவைக் கடையில மிஷின் கெட்டுப்போச்சாங்க. நாளைக்குத்தான் கிடைக்குமாம்."

அவரிடம் அவள் சொன்ன முதல் பொய். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இதில் இவ்வளவு ருசி இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் அவளையும் அவள் பிறந்த வேளையையும் திட்டிக்கொண்டே வெளியே ஓடினார். வாடகைக்கு எடுத்த ஒரு சூட்டோடு வந்தார். தோள் இறங்கி, கை நீண்டு, விரல் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. கழுத்தில் கிளிப்பு வைத்த போ ஒன்றைக் குத்திக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

பிறகு அவள் உடுத்திக்கொண்டாள். கோட் தோளில் உட்கார்ந்த விதம் யாரோ பின்னால் நின்று பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. போ டைதான் தண்ணீர் காட்டியது. எதிரில் நிற்பவர் கழுத்தில் கட்டிப் பழகிய கைக்குத் தன் கழுத்து தலைகீழாக இருந்தது. அவிழ்த்து, கட்டி, மறுபடி அவிழ்த்து, கடைசியில் படிந்தது. வெள்ளைச் சட்டையின் கஃபுக்குள்ளிருந்து ஒரு கறுத்த கையும் ஒரு வெளுத்த கையும் வெளியே வந்தன. இரண்டையும் கண்ணாடியில் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தன.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கங்காரு அவளைப் பின்வரிசை மேசையில் உட்கார வைத்து, "என் டிரைவிங் டீச்சர்" என்று அறிமுகம் செய்தாள். தூரத்துத் தலைமேசையில் அவர் கோட்டுக் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையில் இருந்ததால் அவளைக் கவனிக்கவில்லை.

சூப் முடிந்ததும் பழைய தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், நிஜமாகவே உருகிப் பேசினார். "நம்ம புதுத் தலைவரோட திறமையப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. அவர் பொறுமையப் பத்திச் சொல்றேன். வீட்ல ஒரு உயிர் அசைய முடியாமக் கிடக்கு. ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த அம்மாவ இவர் ஒரு குழந்தை மாதிரிப் பாத்துக்கறார்."

அவள் கணவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேசைகளில் பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்தாள். மேசைகளுக்கு நடுவே நிதானமாக நடந்தாள். எத்தனையோ பேரைச் சந்தடித் தெருவில் ஓட்ட வைத்தவள் அவள். தலைமேசைக்கு முன்னால் போய் நின்றாள். பழைய தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு, "சொல்லுங்கம்மா, நீங்க யாரு?" என்றார்.

"நீங்க சொன்ன அந்தப் படுத்த படுக்கை நான்தாங்க."

மைக் திறந்திருந்தது. கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

அவர் கைக்குட்டையை இறக்கினார். முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், காலரைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்:

"என் சூட்டை வெட்டிட்டியா?"

யாரோ ஒருவர் கரண்டியைக் கீழே போட்டார். அதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "பாத்தீங்களா? இதுதான் அவ நோய். உடம்புன்னு சொன்னேன், உண்மையில மனசு. வெளிய சொல்ல எனக்கு வாய் வரல" என்று கையைக் கூப்பினார்.

அவள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. இந்தக் கூட்டம் நம்பிவிட்டால் தீர்ந்தது, நாளைக்கு அவளைப் பூட்டி வைத்தால்கூட இவருக்குப் பழக்கூடை வரும்.

நடு மேசையிலிருந்து கனத்த உடம்புக்காரர் ஒருவர் எழுந்தார். "மேடம், நீங்க பிரேக் மேடம்தானே? என் பொண்ணுக்குப் போன வருஷம் ஓட்டக் கத்துக் குடுத்தீங்க."

"எனக்கும் இவங்கதான்" என்றாள் இன்னொரு மூலையில் ஒருத்தி.

கங்காரு எழுந்து நின்றுகொண்டு சொன்னாள்: "இன்னிக்கு நான் இங்க ஓட்டிட்டு வந்தப்பப் பக்கத்துல உட்காந்து வந்ததும் இவங்கதான். மனசு சரியில்லாதவங்களாலயா நாங்க எல்லாம் லைசென்ஸ் வாங்கினோம்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தனக்காக மூக்கை உறிஞ்சிய பெண்கள் இப்போது பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை போலும், நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவள் பக்கத்தில் வந்து, "வீட்டுக்கு வா, பேசிக்கலாம். முதல்ல அதைக் கழட்டு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இங்கயேவா?" என்றாள் அவள்.

அவர் போய்விட்டார். நடக்கும்போது கோட்டுக் கை மறுபடியும் இறங்கி விரல்களை மூடிக்கொண்டது. பழைய தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல், காலியான நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அடுத்தடுத்து வந்த எல்லாவற்றையும் ஆற அமரச் சாப்பிட்டாள். தலைமேசைச் சாப்பாடு சுமாராகத்தான் இருந்தது.

வீட்டில் அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். முதல் வருஷம் யாரோ 'மனைவி வரலையா' என்று கேட்டார்களாம். கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் உடம்பு சரியில்லை என்றாராம். உடனே எல்லோரும் அன்பாகப் பேசினார்களாம். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் உடம்பு மோசமானதாம்.

"அவங்க அவ்வளவு நல்லவங்களா நடந்துக்கிட்டாங்க. எனக்கு விட மனசு வரல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்துவிடுமோ என்று பயந்துதான் இருந்தாள். வராதது நிம்மதியாக இருந்தது.

சங்கம் வேறொருவரைத் தலைவராக்கியது. அவள் கணவர் தன் அண்ணன் வீட்டு மாடியறைக்குப் போய்விட்டார். சில வாரம் கழித்து ஓரகத்தி போனில் கூப்பிட்டாள்.

"தம்பி ரொம்ப இளைச்சுட்டார்மா. வெளிய தலை காட்ட மாட்டேங்கறார். ஒரு வார்த்தை வந்து பேசிட்டுப் போயேன்."

"சாப்பிடறாரா அக்கா?"

"எங்க சாப்பிடறார், படுத்தே கிடக்கார்."

"அப்ப நீங்கதான் நல்லாப் பாத்துக்கணும். ஸ்பூன்ல ஊட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று போனை வைத்தாள்.

இன்னொரு முறை அவரே ஆள் விட்டுச் சூட்டைக் கேட்டனுப்பினார். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று கடவுளுக்குத்தான் தெரியும், ஒரு கை கூட நுழையாது. தர முடியாது என்று சொல்லி அனுப்பினாள். விவாகரத்துப் பேச்சு நடந்தபோதும் வீடு, பாத்திரம், பீரோ எதற்கும் அவள் மல்லுக்கு நிற்கவில்லை. சூட் என்னுடையது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். அவருடைய வக்கீலே கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டார்.

வரவேற்பு, பாராட்டு விழா என்று யார் கூப்பிட்டாலும் இப்போது அவள் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறவர்களுக்குத் தையல்கார அம்மாவின் விலாசத்தைக் கொடுக்கிறாள். முன்னாள் கணவர் வரக்கூடும் என்று தெரிந்த இடமாக இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே போய், வாசலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள்.