ஆறாவது நிமிடப் படபடப்பு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருக்கிற தங்கமே, உனக்குக் கேட்கிறதா? இன்றைக்கு ஒரு சத்தத்தின் கதை சொல்லப் போகிறேன். சத்தத்தின் கதையே பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் மானம் போய்விடும்.

ஒருத்தி இருந்தாள். புத்தகங்களை வாய்விட்டு வாசித்து, ஒலிப்பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. கண் தெரியாதவர்கள் கேட்பார்கள். துணி மடித்துக்கொண்டே கதை கேட்கிறவர்களும் கேட்பார்கள். அவளை வாசிப்புக்காரி என்றே வைத்துக்கொள்வோம். அவள் புருஷன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். வருஷத்தில் நாலு மாதம் வீடு, எட்டு மாதம் தண்ணீர். வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். நாத்தனாருக்குக் காதுக் கருவி விற்கிற கடையில் வேலை. வருகிறவர்களின் காதில் மெல்லிசான கீச்சொலி ஒன்றை விட்டு, கேட்டால் கையைத் தூக்கச் சொல்லுவாள். வீட்டில் அவளுக்குப் பேர் காதுக்காரி.

அன்று காலை பதினொரு மணிக்குக் கப்பலிலிருந்து செய்தி வந்தது.

“நாலு மணிக்குக் கயிறு அவுத்துக் கரையை விடுறோம். அப்புறம் அம்பது நாள் சிக்னல் கிடையாது. ஊரார் கதையெல்லாம் வாசிக்கிறியே, எனக்கு எதையும் வாசிக்க வேண்டாம். சும்மா பேசி அனுப்பு. அம்பது நாளைக்கு வச்சு வச்சுக் கேக்கணும்.”

வாசிப்புக்காரி செய்தியை மூன்று தரம் படித்துவிட்டு, பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறை என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். சாமான் போட்டு வைத்திருந்த பொந்து. சுவர் முழுக்கக் கிழிந்த மெத்தைத் துண்டுகள், ஒரு நாற்காலி, ஒரு பலகை. பலகையில் மைக்கும் மடிக்கணினியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிவப்புப் பெட்டி. மைக்கில் விழுகிற குரலைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி கால் வைக்க இடமில்லை. அதனால் ஹெட்போன் ஒயரைக் கதவடியில் விட்டு, வெளியே தரையில் உட்கார்ந்து காதுக்காரி கேட்பாள். லீவு நாளில் அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

வாசிப்புக்காரி பேச ஆரம்பித்தாள். குழாயடிச் செய்தி, மாடிவீட்டுப் பூனை, உடைந்துபோன சீப்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரிப் படபடவென்று ஒரு சத்தம். அப்புறம் குரலே இல்லை. அப்புறம் பாதி வார்த்தையிலிருந்து மறுபடி குரல்.

“அண்ணி, நிறுத்துங்க! உங்க குரலை எலி கடிக்குது.”

“கேபிளா இருக்கும்டி. போன வாரமும் இப்படித்தான் பண்ணுச்சு.”

கேபிளை மாற்றினாள். முதலிலிருந்து பேசினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் படபட.

“நாலு கேபிள் சொருகுற அந்த ஹப்பு வழியாவா சொருகியிருக்கீங்க? அதைத் தூக்கிப் போடுங்க. நேரா கணினியில சொருகுங்க.”

போட்டாள். மறுபடியும் படபட. பக்கத்துத் துளையில் சொருகினாள். வைஃபையை அணைத்தாள். குரலை நொடிக்கு எத்தனை துண்டாக நறுக்குவது என்பதில் பெட்டியில் நாற்பத்தெட்டாயிரம், கணினியில் நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் என்று கணக்கு ஒத்துப்போகாமல் இருந்தது, அதைச் சரிசெய்தாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினி தானாகப் பெட்டியைத் தூங்கவைக்குமாமே, அதையும் தடுத்தாள். குரல் வரிசையில் காத்திருக்கிற இடத்துக்கு பஃபர் என்று பேர். அது சின்னதாக இருந்தால் நெரிசலில் குரல் கீழே விழுந்துவிடும். அதையும் பெரிதாக்கினாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டுப் பேசும்போது, ஆகா, தீர்ந்தது என்று இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்று வந்து நிற்கும்.

மணி ஒன்றரை.

“பேசாம போன்லயே பேசி அனுப்பிடுங்களேன்.”

“உங்கண்ணன் எஞ்சின் இரைச்சல்ல இருக்கிறவரு. போன்ல பேசுனது அங்க கரைஞ்சு போயிடுது, உதடு அசையறது மட்டும்தான் தெரியற மாதிரி இருக்குதுன்னு போன தடவை சொன்னாரு. இந்த மைக்ல பேசினாத்தான் நிக்குது.”

“அப்ப என்ன பண்றது? சாமியா வந்து சரி பண்ணும்?”

வாசிப்புக்காரி மணியைப் பார்த்தாள். இன்றைக்கு விட்டால் ஐம்பது நாள். அவன் காதில் எஞ்சினைத் தவிர ஒன்றும் இருக்காது. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினாள்.

வெளியே காதுக்காரி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து, பழைய உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். கடைப் பழக்கம்.

“அண்ணி, ஒண்ணு சொல்றேன். கேபிள்னா எப்ப வேணா வரும். இது அப்படி இல்ல. ஒவ்வொரு தடவையும் ஆறாவது நிமிஷம் வருது. ஏதோ சூடாகுது. கணினிய மேல தொட்டுப் பாருங்க, சுடுதா?”

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

“இல்லயே. அப்படி ஒண்ணும் சுடல.”

பாருங்கள் கண்ணுகளா, நாள் முழுக்க மற்றவர் காதைச் சோதிக்கிறவளிடம் போய்ப் பொய் சொல்லலாமா? அந்த “இல்லயே” வெளியே வருவதற்கு முன்னால் இழுத்த மூச்சு ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. காதுக்காரி எழுந்து கதவைத் திறந்தாள்.

மடிக்கணினியைத் தேட வேண்டியிருந்தது. திரையில் பாதி மட்டும் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் தடித்த பழுப்புக் கம்பளிக்குள் பிள்ளை மாதிரிப் பொதிந்து கிடந்தது. கம்பளியின் ஓரத்தில் துவைத்தும் போகாத எஞ்சின் எண்ணெய்க் கறை.

“இது அண்ணன் போர்வையில்ல?”

“விசிறி இரையுதுடி. அது மைக்ல விழக் கூடாதுன்னுதான்...”

காதுக்காரி கையை உள்ளே விட்டாள். “அய்யோ! அடுப்புல ஏத்தின சட்டியாட்டம் இருக்கு. மூச்சு முட்டித் திணறுது, அதான் குரலைத் தவறவிடுது. உங்களுக்குத் தெரியாதா இது?”

“சுடும்னு தெரியும்.”

“அப்புறம் ஏன் அண்ணி சுடலன்னு சொன்னீங்க?”

வாசிப்புக்காரி போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் அதற்குள் போய்விட்டது.

“முதல்ல சத்தத்துக்காகத்தான் மூடினேன். ஒருநாள் வேலை முடிஞ்சு எடுத்தேன். சூடா இருந்துச்சு. இப்பதான் ஒருத்தர் போத்தியிருந்து எழுந்து போன மாதிரி. அதுக்கப்புறம் தினமும்...”

காதுக்காரி நிலைப்படியிலேயே நின்றாள். மனசு இளகினால் அவள் கிண்டல்தான் பேசுவாள்.

“நல்லாருக்கு போங்க. எங்கண்ணனுக்கு நீங்க பாத்து வச்ச பதிலாள், ஒரு மடிக்கணினி!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

போர்வையைக் காதுக்காரி வாங்கிக்கொண்டாள். கணினியின் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தி, அது ஆறுகிறவரை காத்திருந்தார்கள். மணி இரண்டரை. போர்வை விலகிய விசிறி உய் என்று இரைந்தது. வேறு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்தோடு ஒரு வரி கூடப் பதிவு செய்யமாட்டாள் வாசிப்புக்காரி. மூச்சு வாங்கின இடத்தைக்கூட வெட்டியெறிகிறவள் அவள்.

“இரையட்டும்,” என்றாள். பேசினாள்.

ஆறாவது நிமிடம் வந்தது. காதுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது வந்தது. பத்தாவது. நாற்பது நிமிடம் ஒரு கீறல் இல்லை. தப்பிப் பேசினதைத் திருத்தவில்லை, தொண்டை கம்மின இடத்தை வெட்டவில்லை. அப்படியே அனுப்பினாள். மூன்று முப்பத்தைந்துக்குக் கப்பலில் போய் இறங்கியது.

மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது.

“ரெண்டு நிமிஷம்தான் கேட்டேன். மிச்சத்தை அம்பது நாளைக்குப் பங்கு போட்டு வச்சிருக்கேன். உனக்குப் பின்னாடி ஒரு விசிறி ஓடுது பாரு, அதுல பஞ்சு சிக்கியிருக்கு, சத்தத்துலயே தெரியுது. எதைப் போட்டு மூடினே?”

“எஞ்சின்காரன் புத்தி போகுமா?” என்று காதுக்காரி கணினியைக் கவிழ்த்துப் பார்த்தாள். உண்மைதான். துளைகளில் பழுப்புக் கம்பளி நூல், விரல் நீளம். அவள் இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

வாசிப்புக்காரி பதில் எழுதினாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். “உங்க போர்வையை” என்று மட்டும் அனுப்பினாள். மணி நாலு மூன்று. செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைக் கோடு விழுந்தது. போய்ச் சேர்ந்ததைச் சொல்கிற இரண்டாவது கோடு விழவில்லை.

காதுக்காரி போர்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டாள். ஆறிப் போயிருந்தது. வாசிப்புக்காரி அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்ல அவள் உடம்புச் சூட்டிலேயே அது சூடானது.

என் கதை இவ்வளவுதான் தங்கங்களே. உங்கள் வீட்டில் யார் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர்கள் குரல் அறுபடாமல் உங்களிடம் வந்து சேரட்டும். நீங்கள் அனுப்புகிற செய்திக்கெல்லாம் இரண்டாவது கோடு விழட்டும். மடித்து வைத்த போர்வைக்கு உரியவர்கள் நல்லபடியாக வாசல் ஏறி வந்து, அவர்களே அதைப் போர்த்திக்கொண்டு உறங்கட்டும்.